லத்தீன் பாடின மருந்து ஷெட்

மொதல்ல ஒரு மானங்கெட்ட விசயத்தை ஒத்துக்கிடுதேன். ஒன்றரை வருசம் நான் ஒரு மாதா கோயில் பாட்டுக் குழுவுல கடைசி வரிசையில நின்னு லத்தீன் பாட்டுப் பாடினேன். பாடினேன்னா, வாயைத் தொறந்து தொறந்து மூடினேன். சத்தம் வராது. வரக் கூடாதுன்னு உத்தரவு.

மொத நாளே குழுவை நடத்துன ஆளு என் பக்கத்துல வந்து காதுக்குள்ள சொன்னாரு: "கணக்கப்பிள்ளை, ஒங்களுக்கு ஒசரம் நல்லாருக்கு. வாயும் அகலமாத் தொறக்குது. சத்தத்தை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வந்துருங்க." நான் இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். சத்தத்தைச் சேத்து வைக்கச் சொல்லுதாரு, விசேசத்தன்னைக்கு மொத்தமாத் தொறந்து விடுவாரு போலன்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரி விருதுநகர்ல எங்க தெருப்பூராம் "எங்க வீட்டு அவுக லத்தீன் பாடுதாக"ன்னு சொல்லி வச்சுட்டா. பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுக்குற குடும்பம் நாங்க. மாரியாத்தா கோவிச்சுக்கிடுவாளோன்னு ஒரு பயம் இருந்துச்சு. அவ ஒண்ணும் சொல்லலை. எனக்குச் சத்தமே வரலைங்கிறது அவளுக்காவது தெரிஞ்சிருக்கும்.

நான் செஞ்ச முட்டாள்தனத்துல இது சின்னது. பெருசு பின்னாடி வருது.

குழுவை நடத்துன அந்த ஆளு பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா வாய் கொப்பளிக்கணும். சிவகாசியில இருந்து விஸ்வநத்தம் போற பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்க அவரு போர்மேன், நான் கணக்கப்பிள்ளை. ரெண்டாயிரம் பொறந்து நாலஞ்சு வருசம் ஆயிருக்கும். செல்போன் அப்பத்தான் எங்க பக்கம் ஒண்ணு ரெண்டு சட்டைப் பையில எட்டிப் பாத்துச்சு.

கணக்கப்பிள்ளைன்னா பெரிய உத்தியோகம்னு நினைச்சிராதீக. மாசம் பொறந்தா எந்த ஷெட்டுல யாரு யாரு உக்காரணும்னு ஒரு ஏட்டுல எழுதணும். மருந்து ஷெட்டு, திரி ஷெட்டு, பேக்கிங் ஷெட்டுன்னு கட்டம் போட்டுப் பேரை எழுதி வச்சா போர்மேன் கையெழுத்துப் போடுவாரு. போட்டாச்சுன்னா அந்த மாசம் பூராம் அதுதான் வேதம். ஏட்டுல ஒரு ஆளும் ஷெட்டுல வேற ஆளும் இருந்து, சோதனைக்கு வர்ற சர்க்கார் ஆபீசருக கண்ணுல பட்டுட்டா கம்பெனியைப் பூட்டிருவாக. அதனால எழுதின பேரு மேல முதலாளிகூடக் கை வைக்க மாட்டாரு. என் எழுத்து முத்து முத்தா இருக்கும். எனக்கு இருந்த கர்வம் அது ஒண்ணுதான்.

போர்மேனைப் பாத்தா மொதல்ல தெரியுறது காதுதான். குட்டை ஆளு, வழுக்கைத் தலை. தலையில இருந்த முடியெல்லாம் காதுக்குள்ள குடி போயிருச்சு. அதைச் சின்னச் சீப்பு வச்சு அவரு சீவுறதை நான் ஒருநாள் டிபன் திங்கும்போது பாத்துத் தொலைச்சுட்டேன். இட்லியை நாய்க்குப் போட்டேன். நாயும் அவரைப் பாத்திருக்கும் போல, மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

ஆனா அந்தக் காது மாதிரி இன்னொரு காதை நான் பாத்ததில்லை. முப்பது பேரு ஒண்ணாப் பாடிக்கிட்டு இருப்பாக. கண்ணை மூடிக்கிட்டே, "ரெண்டாவது வரிசை, மூக்குத்தி போட்டவ, மயிரிழை கீழ நிக்கா, ஏறு"ம்பாரு. அவ ஏறுவா. அம்புட்டுப் பாட்டும் சுத்தமாகும். கம்பெனி வேன் வளைவுல திரும்புற சத்தத்தைக் கேட்டு, "டிரைவருக்கு வீட்டுல சண்டை, கியர் மேல கோவத்தைக் காட்டுதான்"ம்பாரு. விசாரிச்சா அப்படித்தான் இருக்கும்.

சின்ன வயசுல சாமியாருக்குப் படிக்கப் போனவராம். நாலு வருசத்துல திருப்பி அனுப்பிட்டாக. எதுக்குன்னு கேட்டா ஒருநாள் வயித்து வலிம்பாரு, இன்னொருநாள் அப்பா தவறிட்டாரும்பாரு. அவரு அப்பா எங்க கம்பெனிக்கே வந்து போனவரு, அது வேற விசயம். அங்கனதான் இந்தப் பாட்டைக் கேட்டிருக்காரு. அது சாயங்கால ஜெபம். ஐரோப்பாவுல பொழுது சாயும்போது பெரிய கோயில்ல லத்தீன்ல சொல்லுவாகளாம், பைபிள்ல இருந்து அஞ்சு சங்கீதப் பாட்டும் கடைசியில மாதா பாடினதா ஒண்ணும். இருநூறு வருசத்துக்கு முந்தி ஒரு பெரிய சங்கீத மேதை அதுக்கு மெட்டுப் போட்டு, ஆம்பளைக் குரல் ரெண்டு, பொம்பளைக் குரல் ரெண்டுன்னு பிரிச்சு எழுதி வச்சிருக்காரு. போர்மேன் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, லத்தீனைத் தமிழ் எழுத்துல எழுதி, இருபது வருசமாப் பொட்டியில வச்சு அடைகாத்துக்கிட்டு இருந்தாரு. விருதுநகர்ல ஒரு கோயிலுக்கு வருச விழா வந்துச்சு. ஆயரு, அதாவது பிஷப்பு, வாராரு. எங்க முதலாளி விழாக் கமிட்டியில இருந்தாரு. போர்மேன் பொட்டியைத் தொறந்தாரு.

பாடுறதுக்குக் கோயில்காரங்களைத்தான் தேடுவாருன்னு எல்லாரும் நினைச்சாக. அவரு கம்பெனியில தேடினாரு. பேச்சின்னு ஒருத்தி, வெம்பக்கோட்டைப் பக்கம், மழை இல்லாம காட்டு வேலை அத்துப்போயி எங்க கம்பெனிக்கு வந்தவ. ஒருநாள் தண்ணித் தொட்டியில வரிசை தாண்டி வந்தவளை, "வரிசையில நிக்க ஒனக்கு மட்டும் இடுப்பு வலிக்கோ"ன்னு வைஞ்சா. ரெண்டு ஷெட்டு தள்ளி இருந்த போர்மேன் ஓடி வந்தாரு. வேலை போச்சுன்னு பேச்சி நடுங்கிட்டா.

"இன்னொரு தடவை வையி"ன்னாரு.

"சார்?"

"அவளை இப்ப எப்படி வைஞ்ச? அதே மாதிரி வையி. கடைசியை மட்டும் இழுத்து வையி."

பேச்சி பயந்துக்கிட்டே இழுத்து வைஞ்சா. போர்மேன் கண்ணை மூடித் தலையை ஆட்டினாரு. வசவு வாங்கினவதான், "இது என்ன சார் நியாயம், ரெண்டு தடவை வாங்குனது நானுல்ல"ன்னா.

இப்படித்தான் எங்க குழு சேந்துச்சு. பாதிப் பேரு வீட்டுல சாமி படம் முருகன். அவருக்கு அதைப் பத்திக் கவலை இல்லை. தொண்டை இருந்தாப் போதும்.

காலையில கம்பெனி வாசல்ல சோதனை போடுறவரும் அவருதான். ஊக்கு, கொலுசு, மெட்டி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ள போகக் கூடாது. ஒரு பொறி பறந்தாப் போதும், மிச்சத்தைப் பொறுக்கிக்கூட எடுக்க முடியாது. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு ஒருத்தி மெட்டியைக் கழட்ட மாட்டேன்னு அழுதா. "தாயி, மெட்டி வேணுமா, மெட்டி போட்டுவிட்டவனுக்கு நீ வேணுமா"ன்னு கேட்டாரு. நல்ல கேள்வி. கழட்டிட்டா. ஆனா அதைக் கேக்கும்போது அவரு சட்டைப் பையில சாண் நீளத்துக்கு இரும்பு இருந்துச்சு. சுதி பாக்குற கவை, ரெண்டு பல்லு வச்சது, தட்டினா ஒரே சுதியில அதிரும். அதோடதான் மருந்து ஷெட்டுக்குள்ள போயிட்டு போயிட்டு வருவாரு. நான் ஒருதடவை கேட்டேன். "அது இரும்பு இல்லை கணக்கப்பிள்ளை, சுதி"ன்னாரு.

அந்தக் கவையை அவரு என்ன செய்வாருன்னு சொன்னா இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு ஒங்களுக்கு எறங்காது. முழங்கால்ல ஒரு தட்டு. அடிக்காம்பைப் பல்லுல கடிச்சுக்கிடுவாரு. எலும்பு வழியா சுதி மண்டைக்குள்ள போகுமாம். அப்படியே, தொடைக்காம, அடுத்து நிக்கிறவ வாயில குடுப்பாரு. "கடி." அவ கடிப்பா. அவ வாயில இருந்து அடுத்தவ வாய்க்கு. முப்பது பேரு எச்சியும் ஒரே கவையில. சுத்தி வந்து அவரு கைக்குத் திரும்பும்போது மட்டும் கர்சீப்பு வெளிய வரும். டெட்டால் தொட்டுத் தேச்சுத் தேச்சுத் தொடைச்சுட்டுத்தான் பையில வைப்பாரு. எனக்குச் சத்தம் கிடையாதுங்கிறதால நான் கடிக்க வேண்டியதில்லை. ஊமையா இருந்ததுல எனக்குக் கெடைச்ச ஒரே மரியாதை அதுதான்.

குறை மட்டுமே சொன்னாப் பொய்யாயிரும். நாலாவது சங்கீதம் எங்களைக் கொன்னு எடுத்துச்சு. ஒரு குரல் கிளம்பிப் பாதி வழி போகும்போதே அடுத்த குரல் அதே வரியைப் பிடிச்சுக் கிளம்பணும், அதுக்குப் பின்னாடி மூணாவது, நாலாவது. எல்லாரும் எல்லாரு மேலயும் போயி முட்டுனாக. சந்தைக் கூச்சலாக் கெடந்துச்சு. போர்மேன் நோட்டை மூடிட்டாரு. "ஏத்தா, சரம் பின்னுறவகதானே நீங்க? ஒரு வெடி வெடிச்சு முடிச்சு, புகை அடங்கினப்பெறகா அடுத்தது வெடிக்கி? திரி போய்க்கிட்டே இருக்கும்ல. நீங்க வெடியைப் பாக்காதீக, திரியைப் பாருங்க." அடுத்த தடவை பிடிச்சுட்டாக. நாலு பக்கமும் பத்திக்கிட்டுப் போச்சு. எனக்குப் புல்லரிச்சுச்சு. ஊமைக்கும் புல்லரிக்கும்.

இனி வேலை நடக்குற விதத்தைச் சொல்லணும். இல்லைன்னா அந்த ஆளை ஒங்களுக்குப் புரியாது.

மருந்து ஷெட்டுங்கிறது புஸ்வாணத்துக்கு வெடி மருந்து சலிச்சு அடைக்குற எடம். வெயில் ஏறினா மருந்து சூடாகும், ஆபத்து. அதனால விடியக்காலையில ஆரம்பிச்சுப் பதினோரு மணிக்கெல்லாம் முடிச்சிரணும். குளிச்சுட்டு வீட்டுக்குப் போயிரலாம். ஆனா அலுமினியத் தூசி அம்புட்டும் மூக்குலயும் நெஞ்சுலயும்தான். நகக்கண்ணு, புருவம் எல்லாம் வெள்ளி பூசினாப்புல இருக்கும். பேக்கிங் ஷெட்டுல அந்தத் தூசி கிடையாது. டப்பாவுல அடுக்கி லேபிள் ஒட்டணும், ஆனா சாயங்காலம் ஆறு வரைக்கும் எந்திரிக்க முடியாது. பாட்டுப் பழகுறது மத்தியானம் மூணு மணிக்கு, விருதுநகர்ல. கம்பெனி வேன் ரெண்டு மணிக்குக் கிளம்பிரும்.

மார்கழியில பேச்சிக்கு இருமல் பிடிச்சுச்சு. மாசியாகியும் விடலை. டாக்டரு நெஞ்சைப் படம் பிடிச்சுப் பாத்துட்டு, "இந்தத் தூசியை விட்டு வெளிய வந்துரு, இல்லைன்னா அது ஒன்னைய விடாது"ன்னு சொல்லிட்டாராம். நேரா எங்கிட்ட வந்தா.

"அண்ணாச்சி, அடுத்த மாச ஏட்டுல எம்பேரை பேக்கிங்ல எழுதிருங்க. கூலி கொறைஞ்சாலும் சரி."

"போர்மேன் சொல்லணும்லா தாயி."

"அவரு எங்கன பாக்காரு? பாட்டை முனங்கிக்கிட்டே கையெழுத்துப் போடுதாரு. நீங்க எழுதிட்டீகன்னா ஒரு மாசத்துக்கு அவராலயே மாத்த முடியாதுல்ல?"

அவ சொன்னது சரி. அது எனக்குத் தெரியும். அதனாலதான் ஜோக்கு அடிச்சேன். "ஒன்னைய பேக்கிங்ல எழுதினா, என்னைய டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டிருவாரு"ன்னேன். பேச்சி சிரிச்சா. சிரிப்பு இருமலாகி, இருமல் நிக்கிறதுக்கு ரொம்ப நேரமாச்சு. நான் அப்ப பேனாவைத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன்.

போர்மேன்கிட்டச் சொன்னேன், இல்லைன்னு சொல்லலை. "விழா முடியட்டும்"ன்னாரு. விழா தள்ளிப் போச்சு, ஆயருக்கு உடம்பு சரியில்லை. மறுபடி தள்ளிப் போச்சு. ஒவ்வொரு மாசமும் பேச்சி வந்து நிப்பா. ஒவ்வொரு மாசமும் நான் ஒரு புது ஜோக்கு வச்சிருப்பேன்.

ஆனியில ஒருநாள் ஏடு எழுதும்போது எனக்கு என்னமோ உறுத்துச்சு. மருந்து ஷெட்டுக் கட்டத்துல இருந்த பொம்பளைப் பேரை மேல இருந்து கீழ படிச்சேன். ஒன்பது பேரு. ஒன்பது பேரும் பாட்டுக் குழு. நல்லா மேல போற குரல் பூராம் அங்கனதான் இருந்துச்சு. ரெண்டு வருசத்து ஏட்டைப் புரட்டினேன். யாரு யாருக்குக் குரல் நல்லாருந்துச்சோ அவுக எல்லாரும் பேக்கிங்ல இருந்தும் திரியில இருந்தும் ஒவ்வொருத்தரா மருந்துக்கு வந்திருக்காக. எழுதினது பூராம் என் கை.

போர்மேன்கிட்டப் போனேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரியே கேட்டேன், அதாவது சிரிச்சுக்கிட்டே. "சார், இது மருந்து ஷெட்டா, பாட்டுக்காரக நிக்குற கோயில் மாடியா?"

அவரு மறைக்கலை. வெக்கப்படவும் இல்லை. "பேக்கிங்குக்குப் போனா ஆறு மணி. மூணு மணிக்கு எனக்கு யாரு வந்து பாடுவா? நீங்களா?"ன்னாரு.

அது நல்ல ஜோக்கு. நான் சிரிச்சுட்டேன். இப்பவும் பல்லு விளக்கும்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துச்சுன்னா ரெண்டு தடவை கொப்பளிக்குதேன்.

அப்புறம் வாழைப்பழம். மருந்து வேலை செய்யுறவக சாயங்காலம் ரெண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் திம்பாக. உள்ள போன தூசி வெளிய வந்துரும்னு நம்பிக்கை. டாக்டருக ஒத்துக்கிடுவாகளோ என்னமோ, எங்க பக்கம் மருந்து வேலைக்காரங்களுக்குக் கெடைக்குற ஆறுதல் அதுதான். கம்பெனியே பழம் குடுக்கும். போர்மேன் பாட்டுக்காரிகளுக்கு மட்டும் நிப்பாட்டிட்டாரு. "பழம் சளி கட்டும். மேல போகும்போது கொழகொழங்கும்." ஒன்பது பேரு பழமும் கூடையில மிஞ்சும். அதை அவரு வீட்டுக்குக் கொண்டு போயிருந்தாக்கூட மனுசன்னு சொல்லலாம். ஆட்டுக்குப் போட்டாரு.

இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு, சொல்லிருதேன். பேச்சியை மூணு மணிக்கு முன்னாடி கோயிலுக்குப் பின்னாடி வேப்ப மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போவாரு. "இருமுறதை இங்கனயே இருமி முடிச்சிரு." அவ மரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருமுவா. துப்புவா. அவரு குனிஞ்சு உக்காந்து அதைப் பாப்பாரு. பயிரு பச்சை கட்டியிருக்கான்னு சம்சாரி பாக்குற மாதிரி பாப்பாரு. ஒருநாள் என்னையக் கையைக் காட்டிக் கூப்பிட்டாரு. "பாருங்க கணக்கப்பிள்ளை, நேத்தைவிட இன்னைக்கு வெள்ளி கம்மி. இன்னைக்கு மேல் சுரத்துல நிக்க வச்சிரலாம்." மண்ணுல கெடந்தது சாம்பல் நெறத்துல வெயில் பட்டு மினுங்குச்சு. பேச்சி முந்தானையால வாயைத் தொடைச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் பாத்தா. நான், "ஆமா சார், கம்மிதான்"னேன்.

பாத்துக்கோங்க. கம்மிதான்னு சொன்னவன் நான்.

அந்தச் சமயத்துலதான் கோயில்ல இருந்த இளவயசுச் சாமியாருகிட்ட, நாலாவது பாட்டுக்கு அர்த்தம் என்னன்னு கேட்டேன். தூசியில கெடக்குற எளியவனைத் தூக்கி, குப்பை மேட்டுல இருந்து எடுத்து, பெரிய மனுசங்களோட சமமா உக்கார வைக்கிற ஆண்டவர்னு வருமாம். போர்மேனுக்கு அர்த்தம் தெரியுமான்னு கேட்டேன். "அவருதான எனக்கே சொல்லிக் குடுத்தாரு"ன்னாரு சாமியாரு.

ஆடியில, கம்பெனியில பேக்கிங்ல இருந்த செல்வியோட அம்மா செத்துட்டாக. கம்பெனி சார்பா மாலை கொண்டு போனது நானும் போர்மேனும். பொம்பளைக சுத்தி உக்காந்து ஒப்பாரி வச்சுக்கிட்டு இருந்தாக. போர்மேன் ஓரமா நின்னு கண்ணை மூடிட்டாரு. ஜெபம் பண்ணுதாருன்னு ஒரு பெரியவரு நாற்காலி எடுத்துப் போட்டாரு.

வெளிய வந்ததும் எங்கிட்ட, "அந்த மூலையில தலையை விரிச்சுப் போட்டு அழுதது யாரு?"ன்னாரு.

"செல்வி சார். செத்தது அவ அம்மா."

"மேல போகும்போது கிழியவே இல்லை, கவனிச்சீகளா? பேச்சி மாதிரியே." கொஞ்ச தூரம் நடந்தாரு. "இப்போதைக்குப் பேச்சி இருக்கா. இருக்கட்டும்."

நான் செருப்பை எடுத்துத் தலையில அடிச்சுக்கிட்டிருக்கணும், என் தலையிலயோ அவரு தலையிலயோ. மாலைக்கு ரசீது வாங்கினோமான்னு கேட்டேன்.

விழா ஆவணியில நடந்துச்சு. மிளகாய் மண்டிப் பக்கமிருந்து காத்து வந்தா எல்லாரும் தும்மிருவாகன்னு கோயில் சன்னலைப் பூராம் அடைச்சுட்டாரு. முப்பது பேரும் வெள்ளையில நின்னோம். நாலாவது பாட்டுச் சரம் மாதிரிப் பத்திக்கிட்டுப் போயி முடிஞ்சுச்சு. அஞ்சாவது பேச்சியோடது. மெதுவாப் போற பாட்டு, ஒத்தைக் குரல். பேச்சி ஒரு அடி முன்னால வந்தா. அவ நகத்துல வெள்ளி போகவே இல்லை, கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா.

மொத வரியில மேல சுத்துற விசிறிச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டாவது வரியில அதுவும் கேக்கலை. அந்தக் குரல் ஒண்ணையும் பிடிச்சுக்கிடாம மேல நின்னுச்சு. எங்க எழுதி வச்சிருக்கோ அங்க மூச்சு வாங்கினா, வேற எங்கயும் வாங்கலை. ஒரு இருமல் இல்லை. கடைசியில நாங்க எல்லாரும் மெதுவா அவளுக்குக் கீழ வந்து சேரணும். மத்தவக சேந்தாக. நான் வாயைத் தொறந்தேன். சத்தத்துக்குப் பதிலா கண்ணுல இருந்து கொட்டிருச்சு. கோயில்ல பாதிப் பேரு அழுதாக. ஆயரு கண்ணாடியைக் கழட்டினாரு. போர்மேன் கையைக் கீழ போட மறந்து அண்ணாந்து நின்னாரு, கன்னத்துல தண்ணி ஓடிக் காதோர முடியில தங்குச்சு.

கடைசி மாதா பாட்டும் முடிஞ்சதும் பேச்சி பின் வாசலுக்குப் போனா. அவ இருமுனது எனக்குக் கேட்டுச்சு. போர்மேனுக்குக் கேக்கலை. ஆயருகூட போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தாரு.

பிரியாணிப் பொட்டலம் குடுக்கும்போது பேச்சி அவருகிட்ட வந்தா. "சார், இனி பேக்கிங்குக்குப் போகட்டுமா?"

"மதுரையில ஒரு தடவை பாடச் சொல்லி ஆயரே கேட்டுட்டாரு தாயி. கார்த்திகையில. அதோட சரி."

பேச்சி என்னையத் திரும்பிப் பாத்தா. எனக்கு வாய் நெறைய பிரியாணி.

மறுநா ஏடு எழுதுற நாளு. பேச்சி எங்கிட்ட வரலை, கேக்கவும் இல்லை. அவ பேரை எழுதிட்டு எந்தக் கட்டம்னு ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நேத்துப் பாட்டுதான் தலைக்குள்ள ஓடுச்சு. மதுரையில இன்னொரு தடவை கேக்கலாம்னு ஒரு ஆசை வந்துச்சு. சொல்லுறதுக்கே கேவலமா இருக்கு, ஆனா வந்தது அதுதான். மருந்துன்னு எழுதினேன். போர்மேன் முனங்கிக்கிட்டே வந்து, ஏடு தலைகீழாக் கெடக்குறதுகூடத் தெரியாம கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு.

மதுரைக்கு இன்னும் பத்து நாள்னு இருக்கும்போது பேச்சிக்குக் குரல் போச்சு. ஒரே நாள்ல. கரகரன்னு காத்துதான் வந்துச்சு. போர்மேன் கவையைத் தட்டி அவ வாயில குடுத்தாரு. மூணு தடவை. மூணு தடவையும் ஒண்ணும் வரலை. கவையை வாங்கி டெட்டால் போட்டுத் தொடைச்சாரு. தொடைச்சுக்கிட்டே, குரலைக்கூட மாத்தாம எங்கிட்டச் சொன்னாரு: "அடுத்த மாசம் பேச்சியை பேக்கிங்குக்கு எழுதிருங்க. செல்வியை மருந்துக்கு."

பேச்சிக்கு அரைக் கிலோ பனங்கற்கண்டு வாங்கிக் குடுத்தாரு. நல்லதுதான பண்ணுதோம்னு முகத்துல ஒரு நெறைவு.

மாசியில இருந்து அவ கேட்டு நான் எழுதாததை, அவரு சொன்ன மறுநிமிசம் எழுதினேன். அதுக்குக் கீழ இன்னொரு வரி. ரெண்டும் முத்து முத்தா இருந்துச்சு.

மதுரையில செல்வி பாடினா. நல்லாப் பாடினாளாம். எனக்குக் காய்ச்சல்னு சொல்லி நான் போகலை. ஒரு ஊமை கொறைஞ்சது யாருக்கும் தெரியலை. அடுத்த சித்திரையில நான் கம்பெனியை விட்டுட்டேன். மனசாட்சின்னு நினைச்சிராதீக, விருதுநகர்ல பருப்பு மண்டியில வேலை கெடைச்சுச்சு, வீட்டுக்குப் பக்கம். போர்மேன் அப்புறமும் வருசா வருசம் பாட்டு நடத்துனாரு. அவரைப் பத்திப் பேப்பர்ல வந்துச்சு, காது தெரியுற மாதிரி ஒரு போட்டோ.

கொஞ்ச மாசம் கழிச்சு சிவகாசி பஸ் ஸ்டாண்டுல பேச்சியைப் பாத்தேன். பேக்கிங் வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தா. எளைச்சிருந்தா. நகத்துல வெள்ளி இல்லை. டீ வாங்கிக் குடுத்தேன், வாங்கிக்கிட்டா.

"செல்விக்கு இருமல் ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி"ன்னா. குரல் இன்னும் அதே கரகரப்புதான். "இப்ப ஏடு எழுதுறது யாரு?"

"புதுசா ஒரு பையன்."

"அவனும் நல்லா எழுதுவானோ?"

எப்பவும் வர்ற ஜோக்கு அன்னைக்கு வரலை. அவ மனசு கொஞ்சம் குளுரட்டும்னு நினைச்சு, "பேச்சி, அன்னைக்கு நீ பாடினப்ப நான் அழுதுட்டேன், தெரியுமா? சத்தியமா அழுதேன்"னேன்.

அவ டீ கிளாசைக் கீழ வச்சா.

"அழுறதுக்கு ஊர்ல ஆளு இல்லாமயா ஒங்ககிட்ட வந்தேன்? பேரை மாத்தி எழுதச் சொன்னேன்."